கல்விச்சீரும் காசநோய் முத்திரையும்: ஊர் மனமுவந்து கொடுக்கும் நாட்கள்

அரசுப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் சில ஆண்டுகளாக ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. முன்னால் மேளதாளம். பின்னால் ஊர்ப் பெண்கள் தாம்பாளத் தட்டுகளை ஏந்தி வரிசையாக வருகிறார்கள். தட்டுகளில் பழம், பூ, வெற்றிலைபாக்கோடு நோட்டுகளும் வண்ணப் பென்சில்களும் இருக்கின்றன. அவர்களுக்குப் பின்னால் ஒரு சிறு சரக்கு வண்டியில் பீரோ, நாற்காலிகள், மின்விசிறிகள். கல்விச்சீர் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து இந்தச் செய்திகளும் படங்களும் அடிக்கடி வருகின்றன. வேறு மாவட்டங்களுக்கும் பரவிவிட்டது.

அதே ஊரில் முந்தைய ஆண்டும் பள்ளி இருந்தது. மின்விசிறி அப்போதும் ஓடவில்லை. தலைமையாசிரியர் நாலைந்து பேரிடம் வாய்விட்டுக் கேட்டிருப்பார். “பார்க்கலாம் சார்” என்று பதில் கிடைத்திருக்கும். அப்படிச் சொன்னவர்களே இப்போது தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால் இடையில் என்ன மாறியது? ஊராரின் வருமானம் ஓராண்டில் கூடியிருக்காது. அவர்கள் மனம் திடீரென்று இளகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கேட்ட முறை மாறியிருக்கிறது.

‘நன்கொடை தாருங்கள்’ என்று கேட்கும்போது எதிரில் இருப்பவர் பல முடிவுகளை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கொடுப்பது? நூறு ரூபாய் கொடுத்தால் குறைவாக நினைப்பார்களோ? ஆயிரம் கொடுத்தால் அடுத்த முறையும் ஆயிரம் கேட்பார்களோ? யார் கையில் கொடுப்பது, அது எங்கே போகும்? இத்தனை யோசனைக்கும் எளிய விடை ‘பார்க்கலாம் சார்’ என்பதுதான். சீர் என்ற சொல் காதில் விழுந்தால் இந்த யோசனைகளுக்கு வேலையில்லை. சீர் என்றால் என்ன, யார் யாருக்குச் செய்வது, எப்போது கொண்டுபோவது, கையில் எப்படி ஏந்துவது என்பதெல்லாம் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் வீட்டு முறை அது. பள்ளிக்கூடத்தை அந்த முறைக்குள் கொண்டுவந்தவுடன் கொடுப்பவர் உதவி செய்பவராக இல்லாமல் உறவுக்காரர் ஆகிவிடுகிறார்.

விழாக்கள் பலவற்றுக்கும் இந்த ஆற்றல் உண்டு. பள்ளியின் தேவைகளுக்காக ஊரை அணுகும் ஆசிரியருக்கும், பகிர்தலைப் பற்றி வகுப்பில் பேச விரும்பும் ஆசிரியருக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது.

ஒரு டேனிஷ் அஞ்சல் ஊழியரின் யோசனை

நம் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் காசநோய் முத்திரைத் தாளிலிருந்து தொடங்கலாம். அதைக் கையில் வாங்கி, எண்ணி, வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்த ஆசிரியர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்ற கதை வகுப்பில் சொல்லத் தகுந்தது.

1903ஆம் ஆண்டு டிசம்பரில் டென்மார்க் நாட்டு அஞ்சல் ஊழியரான ஐனார் ஹோல்பெல், கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் குவிந்து கிடந்த அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த உறைகள் ஒவ்வொன்றிலும் அஞ்சல் தலையோடு இன்னொரு சிறிய முத்திரையும் ஒட்டப்பட்டால், அதன் விலை மிகக் குறைவாக இருந்தால், காசநோயால் துன்பப்படும் குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனையே கட்டிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் அதை ஏற்றுக்கொண்டார். மறைந்த அரசி லூயிஸின் உருவம் தாங்கிய முதல் முத்திரை 1904இல் வெளிவந்தது. விலை 2 ஓரே. நூறு ஓரே சேர்ந்தால்தான் ஒரு குரோனர். முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள் விற்றன. அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது 30 லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை.

ஹோல்பெல் மக்களிடம் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை. வாழ்த்து அட்டை வாங்குவார்கள், முகவரி எழுதுவார்கள், அஞ்சல் தலையை ஒட்டுவார்கள். எப்படியும் நடக்கப்போகிற வேலைக்கு நடுவில் ஒரு சிறு கொடையைச் செருகினார். கொடுப்பவர் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அவரைத் தேடிக்கொண்டு யாரும் வீடு வீடாக அலைய வேண்டியதுமில்லை.

அமெரிக்காவுக்கு அது போன விதமும் சுவையானது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் இதழாளராக வாழ்ந்த ஜேக்கப் ரீஸ், ஊரிலிருந்து தனக்கு வந்த கடிதத்தில் இந்த முத்திரையைப் பார்த்தார். காசநோய்க்கு உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர் அவர். 1907இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டெலவேர் மாநிலத்தில் எமிலி பிஸ்ஸல் என்ற சமூகப் பணியாளர் அதைப் படித்தார். அவருடைய பகுதியில் காசநோயாளிகளுக்கான சிறு மருத்துவமனை ஒன்று பணமில்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, உணவு, ஓய்வு இவற்றைக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் அதுவே பெரிது. மருத்துவமனைக்குத் தேவைப்பட்ட தொகை 300 டாலர். ஒரு சென்ட் விலையில் முத்திரை அச்சிட்டு, 1907 டிசம்பரில் வில்மிங்டன் நகர அஞ்சல் அலுவலகத்தில் விற்பனையைத் தொடங்கினார்கள். முதலில் மெதுவாகத்தான் போயிற்று. பிலடெல்பியா நாளிதழ் ஒன்று கையில் எடுத்துக்கொண்ட பிறகு விற்பனை சூடுபிடித்தது. கடைசியில் சேர்ந்தது, கேட்டதைப் போலப் பத்து மடங்கு: சுமார் 3000 டாலர்.

இங்கே ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. ஒரு டாலருக்கு 100 சென்ட். 3000 டாலர் சேர எத்தனை முத்திரைகள் விற்றிருக்க வேண்டும்? மூன்று லட்சம். டென்மார்க்கின் 40 லட்சம் முத்திரைகள், ஒவ்வொன்றும் 2 ஓரே என்றால் எத்தனை குரோனர்? எண்பதாயிரம். ஐந்தாம் வகுப்பு மாணவர் தானே போட்டுப் பார்க்கும்போது, ‘ஒரு காசுக்கு என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற எண்ணம் ஆடிப்போகும். நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இந்த முத்திரை வந்தபோது நேர்ந்த மாற்றம் நம் நோக்கில் முக்கியமானது. இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939இல் தோன்றியது. அதன் முத்திரை விற்பனை ஆண்டுதோறும் தொடங்குவது கிறிஸ்துமஸ் காலத்தில் அன்று. அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில். வாழ்த்து அட்டை வழக்கம் எல்லா வீடுகளிலும் இல்லாத நாட்டில், எல்லோருக்கும் பொதுவான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009 முதல் நம் நாட்டில் கொண்டாடப்படும் கொடை வாரம், அதாவது தான் உத்சவ், இதே அக்டோபர் 2இல் தொடங்கி 8 வரை நடக்கிறது. டிசம்பர் 7 கொடி நாளும் இந்த வகைதான். 1949இல் பாதுகாப்பு அமைச்சரின் குழு எடுத்த முடிவு அது. முப்படைகளைக் குறிக்கும் மூன்று நிறங்கள் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, முன்னாள் படைவீரர் நலனுக்காக ஒரு தொகையைக் கொடுக்கிறோம்.

நம் வீதிகளில் இருக்கும் பாடங்கள்

கடல் கடந்து போகாமலும் கற்றுக்கொள்ளலாம். நோன்புப் பெருநாளுக்கு முன் முஸ்லிம் வீடுகளில் கொடுக்கப்படும் ஃபித்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, இவ்வளவு தானியம் அல்லது அதன் விலை என்று கணக்கு உண்டு. பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன்பே அது ஏழை வீட்டைச் சேர்ந்திருக்க வேண்டும். நாம் புத்தாடை உடுத்தும் காலையில் பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தக் காலக்கெடுவின் பொருள். விழா முடிந்தபின் மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் விழா தொடங்கும் முன் கொடுத்து முடிப்பதற்கும் எவ்வளவு தூரம்! பள்ளியில் நாம் வைக்கும் காலக்கெடு பெரும்பாலும் ‘இந்த மாத இறுதிக்குள்’ என்று இருக்கும். எதற்காக அந்த நாள் என்று கேட்டால் நமக்கே தெரியாது. ‘கோடை தொடங்கும் முன் மூன்று வகுப்பறைக்கு மின்விசிறி’ என்றால் நாளுக்குக் காரணம் இருக்கிறது.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை நடக்கும். பூசணி விளைந்தவர் பூசணியைக் கொண்டுவருவார். கோழி வளர்ப்பவர் கோழியோடு வருவார். ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். பிறகு ஏலம். ஐம்பது ரூபாய் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. கையில் ரொக்கம் இல்லாதவரும் இந்த விழாவில் கொடுப்பவராக நிற்கிறார். பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை என்று நினைக்கிறேன். எலக்ட்ரீசியன் ஒருவர் அரை நாள் வந்து சுவிட்சுகளைச் சரிசெய்து கொடுத்தால் அதுவும் கொடை. தையல் தெரிந்த அம்மா, கிழிந்த திரைச்சீலைகளைத் தைத்துக் கொடுத்தாலும் கொடைதான். பட்டியலில் இவர்கள் பெயரும் பீரோ வாங்கிக் கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது தெருவே கேழ்வரகும் அரிசியும் கொண்டுவந்து சேர்க்கிறது. கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே அண்டாவிலிருந்துதான் குடிக்கிறார்கள். 1891 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரப் படகுத் துறையில் ஜோசப் மக்பீ என்ற சால்வேஷன் ஆர்மி அதிகாரி செய்ததும் இதன் நெருங்கிய உறவுதான். ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து கொடுக்கப் பணம் சேர்க்க, அவர் வைத்தது பெட்டி அல்ல, ஒரு சமையல் பானை. எதற்காகக் கேட்கிறார் என்று எழுதிக்கூட வைக்க வேண்டியதில்லை. பானையைப் பார்த்தாலே தெரியும். இன்றும் அந்த அமைப்பு கிறிஸ்துமஸ் காலத்தில் சிவப்புப் பானையோடுதான் தெருவில் நிற்கிறது.

மொய் விருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் இந்த விருந்தில் இலையில் சாப்பிட்டவர் மொய் எழுதுவார். அதைத் தானமென்று யாரும் சொல்வதில்லை. நோட்டில் ஏறிய தொகை, எழுதியவர் தன் முறைக்கு விருந்து வைக்கும்போது திரும்பிப் போக வேண்டும். சற்றுக் கூட்டித்தான் போடுவார்கள். வட்டியில்லாக் கடன் என்று சொல்லலாம். தொழில் தொடங்கியவர்கள், கிணறு வெட்டியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது இந்த முறை புது வடிவம் எடுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் ஒருநாள் முழுவதும் தேநீர் கொடுத்து, குடித்தவர்களை மொய் வைக்கச் சொன்னார். திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்தே நடத்தியது. சேர்ந்தது வயநாட்டுக்குப் போயிற்று. வந்தவர்களில் யாரும் அந்தப் பணம் தங்களுக்குத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் மொய் என்ற சொல்லைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மொய்யின் உயிர் அந்த நோட்டில் இருக்கிறது. பெயர், ஊர், தொகை. விருந்து முடிந்த இரவே கூட்டல் போட்டுவிடுவார்கள். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் வாய்க்கணக்கு கிடையாது. பள்ளிக்குக் கொடுத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர முடியாது. கணக்கைத் திருப்பித் தரலாம். எந்தப் பொருள், என்ன விலை, எந்தக் கடையில், யார் முன்னிலையில் வாங்கியது, இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதிப் பள்ளி வாசலில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு கேட்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். பணம் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கோ சட்டைப்பைக்கோ ஒரு நாள்கூடப் போகாமல் இருப்பது நமக்கே பாதுகாப்பு. பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இதற்குத்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தில், வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர் இணையத்தில் பள்ளியையும் தேவையையும் பார்த்தே கொடுக்க முடிகிறது.

விட்டுவிட வேண்டியவை

ஊர் வழக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே பள்ளிக்குள் கொண்டுவந்துவிட முடியாது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் முறையைப் பாருங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதால் யாரும் பெரியவரில்லை, சிறியவரில்லை என்ற தோற்றம் இருக்கிறது. ஆனால் யாரைத் தலைக்கட்டாகக் கணக்கெடுப்பது? கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணின் வீடு பல ஊர்களில் கணக்கில் வராது. சில தெருக்களிடம் வரியே கேட்க மாட்டார்கள். அது சலுகையல்ல, திருவிழாவில் உனக்கு இடமில்லை என்பதன் மறுபெயர். கல்விச்சீர் ஊர்வலத்தை எந்தத் தெரு வழியாகக் கொண்டுவருகிறோம், எந்தத் தெருவை விட்டுவிடுகிறோம் என்பதைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் படிக்கும் எல்லாக் குழந்தைகளின் தெருக்களிலிருந்தும் தட்டு வரவில்லையென்றால் அந்தச் சீர் வராமலிருப்பதே மேல்.

ஒலிபெருக்கி அறிவிப்பும் அப்படித்தான். ‘இன்னார் ஐயாயிரம்’ என்று சொல்லும்போது ஐம்பது ரூபாயோடு வந்தவர் கூட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறார். பொருளைச் சொல்லலாம், தொகையைச் சொல்ல வேண்டாம். சீரில் இன்னொரு சிறு தொல்லை, ஒரே பொருள் நாலைந்து வந்து சேருவது. பொதுவாகச் சுவர்க் கடிகாரம். முதல் வகுப்புக்கே மூன்று கடிகாரம் மாட்டி, மூன்றும் மூன்று நேரம் காட்டினால் பிள்ளைகள் எதைப் பார்த்து மணி கற்பார்கள்?

இதற்கு மருந்து பழைய தலைமுறை ஆசிரியர்களிடம் இருந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். கரும்பலகை, பெஞ்சு, கூடுதல் அறை, சுற்றுச்சுவர் என்று. அந்தப் பட்டியலை ஊரின் முன்னால் வைத்து, யார் எதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். நிலமாகக் கொடுத்தவர்கள் உண்டு; கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டும் ஏற்பாடு என்று அதை நான் நினைக்கவில்லை. அதே காலத்தில் அரசும் ஏராளமான பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஐயம் இன்றைய பெற்றோருக்கு வருவது இயல்பு. ‘அரசு சம்பளம் கொடுக்கிறது, கட்டடம் கட்டுகிறது, பிறகு எங்களிடம் ஏன்?’ என்று கேட்பவருக்கு நேரான பதில் நம்மிடம் இருக்க வேண்டும். எது அரசு நிதியில் வந்தது, எதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம், எதற்கு மட்டும் ஊரை நாடுகிறோம் என்று மூன்று பத்திகளாகப் பட்டியலிட்டுக் காட்டினால் பேச்சு வளராது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. தீபாவளி மாதத்தில் கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் துணிக்கே கடன் வாங்கியிருப்பார்கள்; ஜூனில் பிள்ளைகளுக்குப் பை, செருப்புச் செலவு. பொங்கல் விடுமுறை பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பார்கள்; காணும் பொங்கலன்று மாலை பழைய மாணவர்களைக் கூட்டினால் வருவார்கள். ஊர்த் திருவிழா இன்னும் நல்லது, கோயில் குழுவினரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஊராக இருந்தால்.

மாணவரின் சட்டைப்பை

இதுவரை சொன்னவை எல்லாம் பெரியவர்களைப் பற்றியவை. குழந்தைகளிடம் வரும்போது கணக்கே வேறு. கொடி நாளன்று வகுப்பில் என்ன நடக்கிறது? ஆசிரியர் கொடிகளோடு வருகிறார். காசு கொண்டுவந்த பிள்ளைகள் எழுந்து போய் வாங்கிக் குத்திக்கொள்கிறார்கள். கொண்டுவராத பிள்ளைகளின் சட்டை அன்று முழுவதும் வெறுமையாக இருக்கிறது. படைவீரர்களை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் நாளில், பத்து ரூபாய் இல்லாத வீடு எது என்று நாற்பது பேருக்குக் காட்டிவிடுகிறோம். தந்தையோ மாமாவோ படையில் இருக்கும் பிள்ளையே அந்த வெறும் சட்டைக்காரராக இருக்கவும் கூடும்.

செய்ய வேண்டிய மாற்றம் சிறியது. மூடிய உண்டியல் ஒன்றையும் ஒரு தட்டு நிறையக் கொடிகளையும் காலை வழிபாட்டுக்கு முன் வராந்தாவில் வைத்துவிடலாம். போட நினைப்பவர் போடட்டும். கொடியை எல்லோரும் எடுத்துக் குத்திக்கொள்ளட்டும். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. வசூல் குறையுமே என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இப்போதும் மீதமுள்ள கொடிகளுக்கு வகுப்பாசிரியரே தன் கையிலிருந்து போட்டுக் கணக்கை முடிப்பது பல பள்ளிகளில் நடக்கிறது. கிராமக் கடைத்தெருவிலும் பெற்றோர் கூட்டத்திலும் பெரியவர்களிடம் கேட்டால் அந்தச் சுமை குறையும். வசூல் இலக்கை வகுப்புவாரியாகப் பிரிப்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். பிரித்தவுடன் அது மாணவர்களுக்குள் போட்டியாகிவிடுகிறது.

குழந்தைகள் கொடுக்கக் கற்க வேண்டாமா என்ற கேள்வி வரும். நிச்சயம் கற்க வேண்டும், அவர்களுடையதிலிருந்து. அப்பாவிடம் வாங்கிவந்த பத்து ரூபாயைக் கொடுப்பதில் பிள்ளை இழப்பது எதுவுமில்லை. ஆண்டு முடிவில் தான் பத்திரமாக வைத்திருந்த வடிவியல் பெட்டியையும் நிலவரைபட நூலையும் அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கைமாற்றுவது வேறு. அதில் கொஞ்சம் மனம் வலிக்கும். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, எழுத்துக் கூட்டத் திணறும் இரண்டாம் வகுப்புப் பையனோடு வாரம் இருமுறை உட்கார்ந்து வாசித்தால் அவள் கொடுப்பது தன் விளையாட்டு நேரத்தை. பள்ளித் தோட்டத்துக் கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போகும் நாளில் தண்ணீர் ஊற்றிய எல்லோருமே கொடுத்தவர்கள்.

தமிழ்ப் பாடத்தில் இதற்கு வலுவான துணை இருக்கிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டையும் ஒன்றாகக் கருதி நாம் கடந்துவிடுகிறோம். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்ந்து பொதுவுக்குப் பயன்படுவது. ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் மருந்தாகும் மரத்தையும் வள்ளுவர் உவமையாகக் காட்டுவது ஒப்புரவறிதலில்தான். ஊருணியில் தண்ணீர் எடுக்கும் யாரும் கைநீட்டி நிற்பவர்கள் அல்லர். கல்விச்சீர் எந்த அதிகாரத்தைச் சேரும், ஃபித்ரா எந்த அதிகாரத்தைச் சேரும், மொய் இந்த இரண்டிலும் அடங்குமா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.

கணக்காசிரியருக்கும் வேலை உண்டு. 120 குடும்பங்கள் உள்ள ஊரில் 36,000 ரூபாய் திரட்ட வேண்டும். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 300. நாள் கூலிக்குப் போகும் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் 300 ஒரே எடைதானா? ஜகாத் முறைப்படி சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை என்று வைத்தால் 80,000 ரூபாய் சேமிப்புக்கு 2000 ஆகும், சேமிப்பே இல்லாதவருக்கு? ஏழாம் வகுப்பு விழுக்காடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. சமூக அறிவியலில் வரிவிதிப்பு என்ற பாடம் வரும்போது இந்த நோட்டுப் பக்கத்தை மறுபடி திறக்கலாம்.

நன்றிக் கடிதத்தைத் தமிழாசிரியர் மாணவர்களைக் கொண்டே எழுதச் சொல்ல வேண்டும். ‘தங்கள் மேலான உதவிக்கு நன்றி’ என்ற அச்சடித்த வரி வேண்டாம். ‘நீங்கள் கொடுத்த மின்விசிறி மூன்றாம் வகுப்பில் ஓடுகிறது; மதியத்தில் இப்போது தூக்கம் வருவதில்லை, கொஞ்சம் வருகிறது’ என்று பிள்ளை எழுதினால் அதைத் திருத்தாமல் அனுப்புங்கள். கூடவே படம் அனுப்புவதானால் ஓடும் மின்விசிறியை எடுக்கலாம். பொருளை ஏந்தியபடி, கொடுத்தவரின் பதாகைக்குக் கீழே குழந்தையை நிறுத்தி எடுக்கும் படங்கள் புலனக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் சுற்றுகின்றன.

இன்னொரு வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். பழைய பள்ளிகள் பலவற்றில் சுவரில் ஒரு கல் பதித்திருப்பார்கள். நிலம் கொடுத்தவர், அறை கட்டியவர் பெயர் அதில் இருக்கும். சுண்ணாம்பு ஏறி, படிக்க முடியாமல் போயிருக்கும். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அதன்மேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கட்டும். பிறகு அந்தப் பெயருக்குரியவரின் பேரனோ பேத்தியோ ஊரில் இருக்கிறார்களா என்று தாத்தா பாட்டிகளிடம் விசாரித்து வரட்டும். கல் இல்லாத பள்ளியானால், ‘இந்தப் பள்ளி எப்படி வந்தது?’ என்ற ஒரே கேள்வியோடு மூன்று முதியவர்களைப் பார்த்து எழுதி வரட்டும். பெயர் கிடைத்துவிட்டால், பொங்கல் கூட்டத்துக்கு எழுதும் அழைப்பிதழ்களில் முதலாவதை அந்த வீட்டுக்கு எடுத்துப்போய் மாணவர்களே கொடுக்கலாம்.